என் வீட்டுச் சாமான்களை நானே ஏற்றி இறக்கிய வரலாறு

நில அளவை அலுவலகத்தின் வரைபட அறையில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். எந்த வரைபடத்தைக் கேட்டு யார் வந்தாலும், அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்தச் சுருளுக்கு அடியில் கிடக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன். மேலதிகாரிகள் இதை ஞாபகசக்தி என்று பாராட்டினார்கள். அந்தச் சக்தியை வீட்டில் எதற்குப் பயன்படுத்தினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. மதுப் புட்டிகளை எங்கெங்கே மறைத்து வைத்தேன் என்பதை, தலை நிற்காத நிலையிலும் நான் ஒருநாளும் மறந்ததில்லை.

குடிப்பதிலும் எனக்கு ஒரு முறைமை இருந்தது. மருந்து ஊற்றும் அளவுக் குப்பியால் அளந்து, கோடு தாண்டாமல் ஊற்றுவேன். கோடு தாண்டவில்லை என்பதால் அதைக் குடி என்று நான் கருதியதே இல்லை. அந்தக் கோடு வரை எத்தனை முறை ஊற்றினேன் என்ற கேள்விக்கு என் முறைமையில் இடம் ஒதுக்கப்படவில்லை. மற்றவர்களைப் போல நான் தெருவில் விழுந்து கிடந்தவன் அல்லன் என்று ஒருமுறை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தெருவுல விழுந்திருந்தா போறவங்க வர்றவங்க யாராவது தூக்கியிருப்பாங்க," என்றாள் அவள். "வீட்டுக்குள்ள விழுந்தா நான் ஒருத்திதானே தூக்கணும்."

ஓய்வு பெற்ற பிறகு அந்த அளவுக் குப்பி எங்கோ தொலைந்தது. எதையும் தேடி எடுத்துவிடும் நான், அதை மட்டும் தேடவில்லை. ஒருநாள் குளியலறையில் விழுந்து, கதவுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டேன். கதவை உள்ளே தள்ளவும் முடியவில்லை. என்னை வெளியே இழுக்கவும் முடியவில்லை. மனைவி ஒரு தச்சரை அழைத்து வந்து கதவையே கழற்ற வைத்தாள். கீல்களைத் திரும்ப எப்படிப் பொருத்த வேண்டும் என்று தரையில் கிடந்தபடியே அந்தத் தச்சருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை, ஆனால் கேட்டால் என்னைப் போலத்தான் இருக்கிறது.

அந்த வாரமே என்னை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வாயிலில் நின்று அவள் அழவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை.

"இங்க ஏதாவது ஒரு கைவேலை கத்துக்கோங்க," என்றாள். "அந்த வேலையில நீங்க நிக்கறதை நான் கண்ணால பார்க்கணும். மத்ததை அப்புறம் பேசலாம்."

அந்த 'மத்தது' என்பதில் நானும் வீடும் மிச்சமிருக்கும் ஆயுளும் அடக்கம் என்பது எனக்கே புரிந்தது.

குடியிலிருந்து மீள வருகிறவர்கள் தங்கி, தொழில் கற்று, அந்தத் தொழிலின் வருமானத்திலேயே நடத்திக்கொள்ளும் இல்லம் அது. தொடக்கத்தில் சில வாரங்கள் மருத்துவர் வந்து பார்ப்பார். கை நடுக்கம் நின்றதும், அந்தக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். நன்கொடைப் பெட்டி என்று ஒன்று கிடையாது. ரொட்டிக் கூடம், சலவைக் கூடம், வீடு மாற்றித் தரும் வண்டி ஆகிய மூன்றும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. யார் தயவிலும் வாழவில்லை என்பதால் எங்கள் தவறுகளை நாங்களே தின்ன வேண்டியிருந்தது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. ரொட்டிக் கூடத்தில் நான் இருந்த காலத்தில், உப்பையும் சர்க்கரையையும் என் மனத்துக்கு நிறைவாக நிறுத்து முடிப்பதற்குள் பொங்கிய மாவு அடங்கிப் போய்விடும். செங்கல்லைப் போல் வெந்து வரும் அந்த ரொட்டிகளைக் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் அவற்றை முனகிக்கொண்டே மென்றார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள்.

அங்கிருந்து சலவைக் கூடத்துக்கு மாற்றினார்கள். துணிகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். நான் நீள அகலம் பார்த்துப் பிரித்தேன். ஒரு விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அனைத்தும் இளஞ்சிவப்பாக, ஆனால் ஓரம் இம்மியும் பிசகாத மடிப்புடன் திரும்பிப் போயின. 'ஆபீசர்' என்ற பட்டம் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அலுவலகத்தில் இறுதி வரை கிடைக்காத பதவி உயர்வு அது.

கடைசிப் புகலிடமாக வண்டிக்கு வந்து சேர்ந்தேன். அதன் தலைவரை எல்லோரும் பீரோ என்பார்கள். இரும்பு பீரோவை முதுகில் கயிற்றால் கட்டித் தனியாளாக மாடி ஏற்றியவர் என்பதால் வந்த பெயர். அவரும் ஒரு காலத்தில் கை நடுங்கியபடி அதே வாயிலில் வந்து நின்றவர்தான். வயதில் எனக்கு இளையவர். இல்லத்தில் எல்லோருக்கும் அண்ணன், எனக்கும் சேர்த்து. வண்டியின் இன்னோர் ஆள் வக்கீல். நீதிமன்றத்தை வெளியே நின்றுகூடப் பார்த்திராத முன்னாள் தையற்காரர். தைத்த சட்டை சிறிதாகிப் போனால், வாடிக்கையாளர்தான் இடையில் பெருத்துவிட்டார் என்று வாதாடியே தொழில் நடத்தியவர்.

சாமான்களைக் கட்டுவதும், எந்தப் பெட்டி எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதி ஒட்டுவதும் என் வேலை. இதில் நான் தேறிவிட்டேன். பெட்டி குலுங்கினாலும் உள்ளே ஒரு கரண்டிகூட அசையாது. பிரிப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

பிறர் வீட்டைக் காலி செய்யப் போகும் குடிகாரர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. பல வீடுகளில் அலமாரியைத் திறந்தால் புட்டி நிற்கும். அதற்காக வண்டியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். புட்டி இருப்பதை அறிந்தவர் அதைத் தொடாமல், "பார்த்துட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே இன்னொருவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வீட்டில் குடியிருப்பவர் வந்து தம் கையாலேயே அதை அப்புறப்படுத்தும் வரை இருவரும் அங்கேயே நிற்பார்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. ஏணி சாய்ந்தால் "ஏணி" என்று குரல் கொடுப்பதைப் போன்றதுதான்.

ஒரு மாலை, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பீரோ அண்ணன் குழாயை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலி பண்றது உங்க வீடு, ஆபீசர். உங்க வீட்டம்மாதான் போன் பண்ணினாங்க. நீங்க வண்டியில இருக்கறது அவங்களுக்குத் தெரியாது போல. வர்றீங்களா, இல்ல ஒருநாளைக்குத் துணி துவைக்கப் போறீங்களா?"

"சலவைக் கூடத்துல என்னை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்களே," என்றேன்.

"அப்ப வேற வழியில்ல. வாங்க."

மனைவி சிறிய வீடு ஒன்றைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறாள் என்று அவர் சொன்னார். பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று, சமையலறை. பெரிய அறை அவளுக்கு என்பதில் ஐயமில்லை. சின்ன அறை யாருக்கு என்பதைப் பீரோ அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டியில் போகும்போது நான் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதன் மனம் திருந்தும்போது மேலான சிந்தனைகள் வரும் என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் ஓர் அறையின் அளவுகள்.

கதவைத் திறந்தவள், இல்லத்தின் பெயர் பொறித்த நீலச் சட்டையில் மூன்றாவது ஆளாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு அங்க ஏதாவது மேசை வேலை குடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்," என்றாள் பிறகு. "சாமான் தூக்கறவங்கள்ல நீங்களுமா?"

"கட்டறது நான். தூக்கறது இவங்க."

"அதானே பார்த்தேன்."

"சும்மா சொல்லக் கூடாது அக்கா, சார் நல்லாத்தான் கட்டுவார்," என்றார் வக்கீல். "அவர் கட்டினதைப் பிரிக்கத்தான் ரம்பம் வேணும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டாள். சமையலறையிலிருந்து தொடங்கினோம். நான் கட்டுவதை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பதால் ஒரு பெட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அதையும் பார்த்தாள். ஒவ்வொரு பொருளுக்கும், வாடிக்கையாளரிடம் கேட்பதைப் போலவே, "இது எந்த அறைக்கு?" என்று கேட்டேன். அவளும் வாடிக்கையாளராகவே பதில் சொன்னாள். இப்படியே கூடத்துக்கு வந்தோம். கூடத்து மூலையில் என் ஒற்றைக் கட்டில் கிடந்தது. என் மூச்சின் நாற்றம் தாங்காமல் அவள் என்னை அறையிலிருந்து வெளியேற்றிய நாள் முதல் நான் படுத்த கட்டில்.

"இந்தக் கட்டில்?" என்றேன். அலுவலகக் குரல் வரவில்லை. இருமலும் சேர்ந்து வந்தது.

அவள் தலை நிமிராமல் ஒரு கண்ணாடிக் குவளையைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சின்ன ரூமுக்கு," என்றாள்.

எழுதி ஒட்டினேன். கட்டிலின் நான்கு கால்களிலும் ஒட்டினேன்.

"ஒரு கட்டிலுக்கு எதுக்கு நாலு சீட்டு, ஆபீசர்?" என்றார் பீரோ அண்ணன். "காலு தனித்தனியா வேற வேற வீட்டுக்குப் போயிடும்னு பயமா?"

அந்த மகிழ்ச்சியில் எனக்கு நேர்மை தலைக்கேறிவிட்டது. இந்த வீட்டில் இருக்கும் புட்டிகள் அத்தனையையும் முறைப்படி அறிவித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பழைய வானொலிப் பெட்டியின் முன் போய் நின்று, "பார்த்துட்டேன்" என்றேன். வக்கீல் கையிலிருந்த மூட்டையை வைத்துவிட்டு ஓடி வந்து நின்றார். மனைவி வந்து பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தாள். உள்ளே துணிக் கவ்விகள் இருந்தன.

"இதுல இருந்ததை எப்பவோ எடுத்துட்டேன்," என்றாள்.

துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம் போய் மறுபடியும் குரல் கொடுத்தேன். அங்கே பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. தண்ணீர் மோட்டாரின் மூடிக்குள் ஒரு குடை இருந்தது.

"ஒளிச்சு வைக்கறதுல பெரிய ஆளுன்னு உங்களுக்கு நினைப்பு," என்றாள் மனைவி. "வீட்டைப் பெருக்கறது யாருங்கறதை மறந்துட்டீங்க."

வக்கீலுக்குக் கோபம். ஒவ்வொரு முறையும் பாரத்தை இறக்கி வைத்து ஓடி வந்தவர் அவர். "பார்த்துட்டேன்னு சொன்னா பார்த்திருக்கணும், சார். நீங்க எங்க பார்த்தீங்க? ஞாபகம் வச்சிருந்தீங்க. அதுவும் தப்பா."

வரைபட அறையில் யாரும் என்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. வாயை மூடிக்கொண்டு, பரணில் இருப்பவற்றை இறக்குவதற்காக ஏணியைச் சாய்த்து ஏறினேன். பழைய பாத்திரங்கள், கிழிந்த பாய்கள், ஒரு தொட்டில். இவற்றுக்குப் பின்னால் நீளமான தகரக் குழாய் ஒன்று படுத்திருந்தது. வரைபடங்களைச் சுருட்டி வைப்பது. பழையது என்று அலுவலகத்தில் கழித்துவிட்டபோது நான் கேட்டு வாங்கி வந்தது.

"அது உங்க ஆபீஸ் சாமான்," என்றாள் மனைவி கீழேயிருந்து. "அதை மட்டும் நான் தொட்டதே இல்ல. உங்க உத்தியோகமாச்சேன்னு துடைச்சுத் துடைச்சு அப்படியே வச்சுட்டேன். அதுவும் சின்ன ரூமுக்கே வரட்டும்."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஏணியில் நின்றேன். குழாய்க்குள் இரண்டு வரைபடங்களும், அவற்றுக்கு நடுவே முத்திரை உடைக்காத முழுப் புட்டி ஒன்றும் இருந்தன. அதை அவள் தொட மாட்டாள் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். இப்போது அவளே தன் வாயால் அதை என் அறைக்கு அனுப்பிவிட்டாள். நான் சீட்டு எழுதி ஒட்டினால் போதும்; பீரோ அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு போய் என் கட்டிலுக்கு அருகில் வைப்பார். நான் என்றைக்கு வந்து சேர்ந்தாலும் அது எனக்காக அங்கே காத்திருக்கும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நானே உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது.

சொல்லிவிட்டால் சின்ன அறை போய்விடும் என்பதும் தெரிந்தது. கட்டிலின் கால்களில் பசைகூடக் காய்ந்திருக்காது.

மனச்சாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் நடந்தது வேறு. ஏணியில் என் கால்கள் நடுங்கத் தொடங்கின. முதல் வாரங்களில் கைக்கு வந்த அதே நடுக்கம். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் தேவலை என்று இருந்தது. யாரையாவது பக்கத்தில் வரவழைக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்.

"பார்த்துட்டேன்," என்றேன்.

வக்கீல் வரவில்லை. "போதும் சார், உங்க ஞாபகத்தை நீங்களே வச்சுக்கோங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. இரண்டாம் முறை சொன்னபோது என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். இருவருமே வந்துவிட்டார்கள். பீரோ அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க?"

"குழாய்க்குள்ள."

"சரி, நாங்க இருக்கோம். தொடாதீங்க. குடியிருக்கறவங்க வந்து எடுக்கட்டும்."

"அண்ணே, அங்கதான் சிக்கல்," என்றார் வக்கீல். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வீட்டு வாடகைப் பத்திரம் யார் பேர்ல?"

"என் பேர்ல," என்றேன் மேலேயிருந்து.

"அப்ப குடியிருக்கறவர் நீங்க. நீங்கதான் எடுக்கணும். ஆனா நீங்க வண்டி ஆளு. வண்டி ஆளு தொடவே கூடாது. எடுத்தாலும் தப்பு, எடுக்கலைன்னாலும் தப்பு. இது பெரிய கோர்ட்டுக்குப் போக வேண்டிய கேஸ்."

பீரோ அண்ணன் யோசித்தார். நானும் யோசித்தேன், விதியில் ஓட்டை இருப்பதைக் கண்டதும், அந்த நிலையிலும் எனக்கு ஒரு சிறு மனநிறைவு ஏற்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. வேலைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்து மனைவி வந்துவிட்டாள்.

"என்ன, ஆளாளுக்கு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"மேல அந்தக் குழாய்க்குள்ள ஒண்ணு இருக்காம் அக்கா," என்றார் பீரோ அண்ணன். "இங்க குடியிருக்கறவங்கதான் அதை எடுக்கணும். அது நீங்களா, ஆபீசரான்னு முடிவாகல."

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இங்க குடியிருந்தது நான்தான்," என்றாள். "அவர் எங்க இருந்தார்? இறங்குங்க."

இறங்கினேன். அவள் ஏறினாள். மூடியைத் திருகி, வரைபடங்களை முதலில் உருவினாள். அவை கசங்காமல் பரண் மேல் வைத்தாள். பிறகு புட்டியை எடுத்தாள். எடுத்தவள் உடனே இறங்கவில்லை. ஏணியின் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சாச்சுன்னு நிம்மதியா இருந்தேன்," என்றாள். "நான் தொட மாட்டேன்னு தெரிஞ்சுதானே இதுல வச்சீங்க?"

"ஆமா," என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு முதன்முறையாகத் தோன்றவில்லை.

புட்டியைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, நெடி போகும் வரை தொட்டியைத் தேய்த்தாள். அவள் முடிக்கும் வரை நாங்கள் மூவரும், விதிப்படி, அசையாமல் நின்றோம். ஈரக் கையுடன் வந்தவள் நேரே கட்டிலிடம் போனாள். ஒரு காலில் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. இன்னொரு காலில் முயன்றாள். அதுவும் வரவில்லை.

"பிரிக்கவே முடியாத மாதிரி ஒட்டித் தொலைச்சிருக்கீங்க," என்றாள்.

"பசை நல்ல பசை அக்கா," என்றார் வக்கீல். பீரோ அண்ணன் அவர் காலை மிதித்தார்.

புது வீடு வரை நான் வண்டியின் பின்புறத்தில், என் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து வந்தேன். அது எங்கே இறங்கும் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மற்றவை எல்லாம் இறங்கின. கட்டிலை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு, பீரோ அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, இது? வேண்டாம்னா எங்க கொட்டகையில போட்டு வைக்கறோம்."

அவள் வாசலில் என் அருகே வந்து நின்றாள்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"கட்டில் உள்ள வரட்டும்," என்றாள் பீரோ அண்ணனிடம். "ஆள் இப்ப வேண்டாம்."

"அக்கா, கட்டிலை ஏத்துக்கிட்டு ஆளை மட்டும் தள்ளுபடி பண்ணினா அது எந்த நியாயத்துல..."

"உங்க வக்கீலை வாயை மூடச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "இன்னிக்கு என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு."

கட்டில் முழுதாகக் கதவில் நுழையவில்லை. திருகாணிகளைக் கழற்றி, பாகம் பாகமாக உள்ளே கொண்டுபோய், சின்ன அறையில் நானே பூட்டினேன். சன்னல் ஒன்று இருந்தது. எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. கட்டில் ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் வழக்கம். உட்காரவில்லை, கையால் அழுத்திப் பார்த்தேன். நான் வெளியே வருவதற்குள் அவள் கட்டிலின் மேல் பாத்திரப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். இடம் காலியாக இருக்கும் வரை பயன்படட்டும் என்ற எண்ணம் போலும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பெட்டிகளை இன்னும் நேராக அடுக்கியிருப்பேன்.

கிளம்பும்போது பீரோ அண்ணனிடம் அவள் கேட்டாள். "சமையலறைச் சுவத்துல பலகை அடிக்கணும். உங்ககிட்ட ஆள் இருக்கா?"

"ஆபீசர் இன்னும் ஆணி அடிக்கக் கத்துக்கல அக்கா. நான் வேணும்னா..."

"நீங்க வேண்டாம். அவரே கத்துக்கிட்டு வரட்டும். பகல்ல வந்து அடிச்சுட்டு, பகல்லயே போகட்டும்."

இல்லத்தில் தச்சு வேலை கற்றுத் தரும் கூடம் கிடையாது. எனவே பீரோ அண்ணன், வண்டிக் கொட்டகையின் பின்சுவரை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். தினமும் வேலை முடிந்ததும் அங்கே போய் ஆணி அடிக்கிறேன். சுவரில் கோடு போட்டுக் குறித்த இடத்தில் வைத்துத்தான் அடிக்கிறேன். ஆணிகள் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. வக்கீல் ஒரு பழைய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்த ஆணி யார் தவறால் வளைந்தது என்று தீர்ப்புச் சொல்லுகிறார். நேற்று ஒன்று வளையாமல் இறங்கியது. அதில் அவர் தம் சட்டையைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். சட்டை நின்றது, ஆணிக்குக் கீழே சுவர்ப் பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பூச்சு வேலையும் கற்றுக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.